ஆபுத்திரன் விட்டுச் சென்ற பாத்திரம்
(உறுப்புக் கொடையும் தமிழ் மனமும் குறித்த ஆண்டு விழா உரை)

 

பத்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தின் மேடையில் உடல் உறுப்புக் கொடை பேசுபொருளாவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். அது மருத்துவர்க்கும் சட்டம் அறிந்தவர்க்கும் உரிய பொருள் என்று தோன்றுவது இயல்பே. எனினும், இறந்த ஒருவரின் உறுப்பு இன்னொருவரைச் சென்று சேர்வதற்கு முன்னர் மருத்துவமனையில் முதலில் நிகழ்வது அறுவை அன்று, ஓர் உரையாடல். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில், துயரில் நிற்கும் தாயிடமோ மனைவியிடமோ தந்தையிடமோ சில சொற்கள் சொல்லப்படுகின்றன. அச்சொற்கள் அவர்தம் நெஞ்சில் சென்று பொருந்தினால்தான் அடுத்த நிலை உண்டு. ஆகவே இது சொல்லைப் பற்றிய செய்தியும் ஆகும். சொல்லையே கருவியாகக் கொண்ட அவையில் இதனை எடுத்துரைப்பது பொருத்தமே.

வள்ளல்களின் வரிசை

உறுப்புக் கொடையை வலியுறுத்தும் மேடைகளில் இரண்டு பெயர்கள் தவறாமல் ஒலிக்கும். ஒன்று சிபி, மற்றொன்று கண்ணப்பர். புறாவின் எடைக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து வைத்தவன் சிபி. சோழரை அவன் வழியினர் என்று புறநானூறு போற்றுகிறது. பாண்டியன் அவையில் வழக்குரைக்கும் கண்ணகியும் தன் ஊரின் பெருமையைச் சொல்லும்போது அவனை நினைவூட்டுகிறாள். இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்டு தம் கண்ணைப் பெயர்த்து அப்பியவர் கண்ணப்பர். இவர்களோடு குமணனையும் சேர்த்துச் சொல்வர். நாடிழந்து காட்டில் வாழ்ந்த நிலையில், தன் தலைக்கு இளையவன் பொருள் வைத்திருப்பதை அறிந்து, அத்தலையைக் கொண்டு சென்று பொருள் பெறுமாறு பெருந்தலைச்சாத்தனாரிடம் வாளை நீட்டியவன் அவன்.

எடுத்துக்காட்டுகள் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை இன்றைய உறுப்புக் கொடைக்குப் பொருந்துகின்றனவா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மேற்சுட்டிய மூவரும் உயிரோடு இருந்து கொடுத்தவர்கள், தாமே முடிவெடுத்தவர்கள், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைக் கண்ணெதிரே கண்டவர்கள். மூளைச்சாவுக்குப் பின் நிகழும் கொடையில் இம்மூன்றும் இல்லை. உறுப்புக்கு உரியவர் இறந்துவிட்டார். 'சரி' என்று சொல்ல வேண்டியவர் அவர் அல்லர், அவருடைய உறவினர். பெறுபவர் இன்னார் என்று குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் இருப்பதே வழக்கம்.

பொருந்தாமை ஒருபுறம் இருக்க, இவ்வெடுத்துக்காட்டுகளால் விளையும் தீங்கும் ஒன்று உண்டு. சிபியின் கதை, உயிருள்ள உடம்பை அரிந்து கொடுத்த கதை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் எளிய மக்களின் முதல் அச்சமும் அதுவே: 'உயிர் இருக்கும்போதே அறுத்துவிடுவார்களோ?' அந்த அச்சத்தைப் போக்க வேண்டிய மேடை, தன்னை அறியாமலேயே அதற்கு உரமிட்டு விடுகிறது. அன்றியும், கொடை என்பது மன்னர்க்கும் அடியார்க்கும் உரிய பெருஞ்செயல் என்ற எண்ணமும் வேரூன்றுகிறது. கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் அடிபட்ட இளைஞனின் தாய், தன்னைச் சிபியோடு ஒப்பிட்டுக் கொள்வது எங்ஙனம்?

சாவைச் சொல்லும் சொல்

தமிழர் இறப்பை மூச்சைக் கொண்டும் பிரிவைக் கொண்டும் அறிந்தவர்கள். 'மூச்சு அடங்கியது' என்பர். 'உயிர் பிரிந்தது' என்பர். நாசியருகே கைவைத்துப் பார்ப்பதும் நெஞ்சில் காதுவைத்துக் கேட்பதும் வீடுதோறும் இருந்த வழக்கங்கள். செயற்கைச் சுவாசக் கருவி வந்தபின் இந்த அடையாளங்கள் குழம்பிப் போயின. மூச்சையும் விழிப்பையும் ஆள்வது மூளைத்தண்டு. விபத்தில் மூளை சிதைந்து, மூளைத்தண்டும் மீள இயலாதவாறு செயலிழந்துவிட்டால் அந்த மனிதர் தாமாக மூச்சுவிட முடியாது. கருவி காற்றைச் செலுத்துவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இதயத்துக்குத் தானே துடிக்கும் இயல்பு உண்டு. உயிர்க்காற்று கிடைக்கும்வரை சில மணி நேரமோ சில நாளோ துடிக்கிறது. அதனால் உடம்பு சுடுகிறது. ஆனால் இறப்பு நிகழ்ந்துவிட்டது.

ஆழ்மயக்கம் வேறு, மூளைச்சாவு வேறு. ஆழ்மயக்கத்தில் இருப்பவர் உயிருடன் இருப்பவர். மீண்டு வருவதும் உண்டு. மூளைச்சாவிலிருந்து எவரும் மீள்வதில்லை. 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவொன்று இந்நிலைக்கு வரையறை வகுத்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இதனை இறப்பாக ஏற்றது. நான்கு மருத்துவர் கொண்ட குழு இதனை உறுதி செய்தல் வேண்டும். கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை அசைகிறதா, கருவியை விலக்கினால் தானாக மூச்சு எழுகிறதா என்பன போன்ற ஆய்வுகளை ஒருமுறை செய்து, குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுமுறையும் செய்தல் வேண்டும். உறுப்பு மாற்று அறுவையில் ஈடுபடும் மருத்துவர் அக்குழுவில் இடம்பெறலாகாது.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் மொழி தெளிவாக இல்லை. 'மூளைச்சாவு' என்னும் சொல்லைக் கேட்பவர், மூளை மட்டும் செத்திருக்கிறது, ஆள் சாகவில்லை என்றே பொருள் கொள்கிறார். கை முறிந்தது, கண் போனது என்பதைப் போல மூளை செத்தது என்று அவர் செவியில் விழுகிறது. செய்தித்தாள்களும் இக்குழப்பத்திற்குத் துணைசெய்வதுண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் பெறப்பட்டன என்று எழுதி, அதன் பின்னர் அவர் உயிர் பிரிந்தது என்றும் எழுதினால், உறுப்பை எடுத்ததால்தான் உயிர் பிரிந்தது என்று படிப்பவர் கருதமாட்டாரா? உறவினரிடம் பேசும் மருத்துவரும் 'பிழைப்பது கடினம்' என்று தயங்கிச் சொல்லிவிட்டு, அடுத்த நொடி உறுப்பைப் பற்றிக் கேட்டால் என்ன நேரும்? பிழைப்பது கடினம் என்றால், சிறிதேனும் வாய்ப்பு இருக்கிறது என்பதுதானே தமிழில் அதற்குப் பொருள்? இரக்கத்தால் மழுக்கிய சொல் கொடுமையாக முடிகிறது. 'அவர் இறந்துவிட்டார். இந்த மூச்சு அவருடையது அன்று. கருவியுடையது' என்னும் எளிய தொடர்கள், எத்தனையோ விளம்பரப் பலகைகள் செய்யாததைச் செய்யும்.

இதற்கான கருத்துநிலை தமிழுக்குப் புதிதன்று. உடம்புக்கும் உயிர்க்கும் உள்ள தொடர்பை, தான் இருந்த கூட்டை விட்டுப் பறந்துவிட்ட பறவையைக் கொண்டு வள்ளுவர் விளக்குகிறார். அவ்விடத்தில் வரும் 'குடம்பை' என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் 'முட்டை' என்றே உரை கண்டார். கூட்டிற்குப் பறவை திரும்பி வரலாம். உடைத்துக்கொண்டு வெளியேறிய முட்டைக்குள் எந்தப் பறவையும் திரும்புவதில்லை. ஓடு இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதனால் பறவை உள்ளே இருக்கிறது என்று ஆகாது. மூளைச்சாவை விளக்க இதனினும் நுட்பமான உவமை கிடைப்பது அரிது.

அச்சங்களும் அவற்றின் வேர்களும்

மக்கள் தயங்குவதற்கு அறியாமையே காரணம் என்று கூறி ஒதுங்கிவிடுதல் முறையன்று. ஒவ்வொரு தயக்கத்துக்கும் ஒரு வேர் உண்டு. கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் பார்வையின்றிப் பிறக்க நேரும் என்று அஞ்சுவோர் உளர். அவர்களிடம் அறிவியல் பேசுவதைக் காட்டிலும், கண்ணப்பர் வரலாற்றின் முடிவை நினைவூட்டுதல் நலம். ஆம், அவர் கதைக்கு உரிய இடம் இதுவே. கண்ணைத் தந்தவர்க்கு வாய்த்தது குருடன்று, இறைவனின் வலப்பக்கம். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூரில் தொடங்கப்பெற்றது. இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களைப் பெறலாம் என்பதும் முகத்தோற்றம் கெடுவதில்லை என்பதும் பரவலாக அறியப்பட வேண்டியவை.

சமயம் தடுக்கிறது என்று கருதுவோரும் உண்டு. 1988இல் ஜித்தாவிலுள்ள பன்னாட்டு இஸ்லாமியச் சட்டவியல் கழகம் உரிய வரையறைகளோடு உறுப்பு மாற்றத்துக்கு இசைவளித்தது. 2000ஆம் ஆண்டில் போப் இரண்டாம் ஜான் பால் உறுப்புக் கொடையை அன்பின் செயலாகப் போற்றிப் பேசினார். எரித்துச் சாம்பலாக்கும் வழக்கமுடைய இந்து சமயத்தாரிடையே, உடம்பு முழுமையாகப் போக வேண்டும் என்ற எண்ணம் நூலைவிட உணர்வைச் சார்ந்தது. அந்த உணர்வையும் இகழ்தல் ஆகாது. பெற்றுக் குளிப்பாட்டி வளர்த்த உடம்பின்மேல் தாய் கொண்ட உரிமை அது.

மற்றொரு தயக்கம் காலம் பற்றியது. விபத்து வழக்கு என்றால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், மாமன் மைத்துனர் வந்து சேர வேண்டும், கோடித்துணி போட வேண்டும் என்றெல்லாம் வீடு காத்திருக்கிறது. அத்தகைய நேரத்தில் மருத்துவமனை தாமதித்தால், கொடுத்த இசைவையே குடும்பம் நொந்துகொள்ளும். இவ்வாறான நடைமுறைத் துன்பங்களைக் களைவதும் விழிப்புணர்வின் ஒரு பகுதியே.

தானம் என்னும் சொல்லின் நிழல்

யாவற்றினும் ஆழமான அவநம்பிக்கை வணிகத்தால் விளைந்தது. உயிரோடு இருப்பவர் தம் சிறுநீரகத்தை வறுமையால் விற்கும் கொடுமை 1980களிலும் அதன் பின்னரும் சென்னையில் மலிந்திருந்தது. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று ஊரார் குறிக்கும் அளவுக்கு அது சென்றது. 1994இன் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. எனினும் ஆழிப்பேரலைக்குப் பின், 2007இல், எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியின் விசைத்தறித் தொழிலாளரிடையே இதே புகார் எழுந்து அரசு விசாரணை நடத்தியது. விற்றவர் தாளில் கையெழுத்திட்டபோது அங்கே அச்சாகியிருந்த சொல் 'தானம்' என்பதே. பசித்தவனின் விற்பனைக்கும் 'தானம்' என்று பெயர். இறந்தவர் குடும்பத்தின் ஈகைக்கும் 'தானம்' என்றே பெயர். முன்னது பின்னதன்மேல் நிழலாக விழுகிறது.

இன்னொரு நிழலும் உண்டு. குடும்பத்துக்குள் உயிரோடு இருந்து சிறுநீரகமும் கல்லீரலும் தருவோரில் பெரும்பாலோர் பெண்கள். தாய், மனைவி, உடன்பிறந்தாள். ஆனால் 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நிகழ்ந்த உறுப்பு மாற்றங்களில் உறுப்பைப் பெற்றவருள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் ஆண்கள். உழைத்து ஈட்டும் ஆணின் உடம்பு காக்கப்பட வேண்டியது, வீட்டிலிருக்கும் பெண்ணின் உடம்பு கொடுக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் இதில் மறைந்திருக்கிறது. அன்பால் கொடுத்தவர் பலர். மறுக்க இயலாமையால் கொடுத்தவரும் இருப்பர். 'தானம்' என்னும் சொல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. இறந்தவரின் உறுப்புகள் மிகுதியாகக் கிடைக்குமாயின், உயிரோடு இருக்கும் பெண்களின்மேல் விழும் இச்சுமையும் ஏழைகளின்மேல் விழும் இவ்வலையும் குறையும். இறப்பிற்குப் பின்னான கொடையை ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு வலுவான காரணம்.

வாயிலில் நின்றோர்

2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது மாணவனின் உறுப்புகளைத் தர அவனுடைய பெற்றோர் இசைந்தனர். அச்சிறுவனின் இதயம், போக்குவரத்து ஒதுக்கப்பட்ட சென்னைச் சாலைகளில் சில நிமிடங்களில் பயணம் செய்து ஒரு சிறுமியைச் சென்றடைந்தது. தமிழ்நாடு அதனை மறக்கவில்லை. 2011இல் மலையாளத்திலும் 2013இல் தமிழிலும் அந்நிகழ்வின் சாயலில் திரைப்படங்கள் வந்தன. ஊர்தி விரைந்த அந்த நிமிடங்களே பலர் நினைவிலும் நின்றன. அதற்கு முன்னர்க் கழிந்த மணி நேரங்கள் நினைவில் நிற்கவில்லை. அந்தத் தாயும் தந்தையும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்பதை அவர்கட்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவம் படிக்காத மற்ற தாய் தந்தையர்க்கு அதைச் சொல்வதற்குச் சொல் வேண்டும்; சொல்லறிந்த மனிதரும் வேண்டும்.

அதே 2008இல் தமிழக அரசு இறந்தோர் உறுப்பு மாற்றுத் திட்டத்தை ஒழுங்குபடுத்தியது. 2014இல் உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. 2011இன் சட்டத்திருத்தம், குடும்பத்தாரிடம் முறையாகக் கேட்பதை மருத்துவமனையின் கடமையாக்கியது. அதற்கென ஒருங்கிணைப்பாளர்கள் பயிற்றுவிக்கப்படுகின்றனர். கொடையாளர் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஊர் முன்னிலையில் அரசு அதிகாரி மாலை வைத்து வணங்கும் காட்சி, 'அறுத்துக் கொடுத்துவிட்டார்கள்' என்ற அக்கம்பக்கத்துப் பேச்சை மாற்ற வல்லது. 2024இல் தமிழ்நாட்டில் இவ்வாறு உறுப்பு ஈந்தோர் 268 பேர். இந்தியா முழுவதிலும் இவ்வெண்ணிக்கை 2023இல்தான் முதன்முறையாக ஆண்டுக்கு 1,000ஐக் கடந்தது. பத்து இலட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. ஸ்பெயினில் அது ஏறத்தாழ 50. மறுத்து எழுதாதவர் அனைவரும் இசைந்தவரே என்று அங்கே சட்டம் கூறினாலும், குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. அந்நாட்டின் வெற்றிக்குக் காரணம் சட்டத்தைவிட, குடும்பத்தோடு அமர்ந்து பேசப் பயின்ற மருத்துவரே என்பர் அத்துறையினர்.

கோமுகிப் பொய்கை

அவ்வாறாயின், தமிழ் இலக்கியத்தில் இக்கொடைக்கு ஏற்ற முன்னோடி இல்லையா? உண்டு. அது மணிமேகலையில் உள்ளது. சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவிட்டு வந்தவன் ஆபுத்திரன். நாட்டில் வளம் பெருகி, உண்பார் இல்லாது போனபோது கடல் கடந்து செல்லப் புறப்பட்டு, மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். உண்பார் எவருமற்ற தீவில் பாத்திரத்தைத் தன் வயிற்றுக்காக மட்டும் பயன்படுத்த அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்பட்டு, உயிர்களைக் காப்பவர் எவரேனும் வந்தால் அவர் கையைச் சேர்க என்று கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். பின்னாளில் தீவதிலகை வழிகாட்ட, மணிமேகலை கையில் அது வந்து சேர்ந்தது.

அவையோரே, இக்கதையின் அமைப்பை உற்று நோக்குக. கொடுத்தவன் இறந்துவிட்டான். பெறுபவர் யாரென அவன் அறியான். தன்னோடு அழிந்திருக்கக் கூடிய ஒன்றை, அறியாத ஒருவர்க்காக விட்டுச் சென்றான். இடையில் வழிகாட்டும் ஒருத்தி இருக்கிறாள். வாளும் இல்லை, தராசும் இல்லை, குருதியும் இல்லை. அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை என்னும் இல்லறப்பெண் என்பதும் எண்ணத்தக்கது. கணவன் இறந்தான் என்ற செய்தியின் வெம்மையை ஒருமுறை தாங்கியவள் அவள். துயரை அறிந்த கையிலிருந்தே அந்தப் பாத்திரம் நிறையத் தொடங்கியது.

கவிஞர் கடன்

உறுப்புக் கொடை பற்றிய கவியரங்கக் கவிதைகள் பெரும்பாலும் மண்ணையும் மனிதரையும் எதிரெதிரே நிறுத்தி முடிந்துவிடுகின்றன. பெறுபவரின் புன்னகை அவற்றில் இருக்கும். கொடுத்த வீட்டின் வெறுமை இராது. பழந்தமிழ்ப் புறத்துறைகளில் இரண்டு இங்கே நினைவுக்கு வருகின்றன. ஒன்று மூதின்முல்லை, ஒரே மகனையும் போர்க்களத்துக்கு அனுப்பிய தாயின் மறத்தைப் புகழ்வது. மற்றொன்று கையறுநிலை, இழந்தவர் செயலற்று நிற்றலைப் பாடுவது. உறுப்புக்கு இசைந்த தாயை மூதின்முல்லையில் வைத்துப் பாடுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அவள் தன் மகனை எங்கும் அனுப்பியவள் அல்லள், அவனை இழந்தவள். அவளுக்கு உரிய துறை கையறுநிலையே. கையற்று நின்ற நிலையிலும் அவள் ஒரு சொல் சொன்னாள் என்பதே பாடுபொருள். அவ்வாயிலில் 'முடியாது' என்று சொல்லித் திரும்பிய தாயும் இழந்தவளே. அவளைக் கருமி என்று சுட்டும் கவிதை எழுதப்படாமல் இருப்பதே நன்று.

இறுதியாக ஒன்று. கொடை அட்டையில் கையெழுத்திட்டவர்கள் பலர், அதை வீட்டில் சொல்லாமல் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றனர். இந்தியாவில் அட்டை இருந்தாலும் குடும்பத்தார் மறுத்தால் உறுப்பு எடுக்கப்படுவதில்லை என்பதே நடைமுறை. சாவைப் பற்றி வீட்டில் பேசுவது அமங்கலம் என்று கருதி வாய் மூடியிருந்தால், அந்த முடிவின் முழுச் சுமையையும் தாயின் தலையிலும் மனைவியின் தலையிலும் ஏற்றிவைத்துச் செல்வதாகும். 'இது அவர் விருப்பம்' என்று சொல்ல முடிந்தால், அவர்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை; நிறைவேற்றினால் போதும். ஆபுத்திரனும் பாத்திரத்தை வாளா எறியவில்லை. அது எவர் கையைச் சேர வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டே சென்றான்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லும் துணிவை வளர்ப்பதே இலக்கிய வட்டங்களின் பணி. பத்தாண்டுகள் அப்பணியைச் செய்த இவ்வட்டம் பல்லாண்டு தழைக்க! இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர், உணவு வேளையில் தம் குடும்பத்தாரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவாராக.